ஆறாம் கணக்கு

சுவர் என்பது பிரிப்பதற்காகக் கட்டப்படுவது என்று பொதுமக்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கொத்தனார்களும், பாகம் பிரித்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகளும், நாடுகளின் எல்லையில் கம்பி வேலி போடுகிறவர்களும் இந்த நம்பிக்கையைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்திருக்கிறார்கள். மிகுந்த வருத்தத்தோடு இதை மறுக்க வேண்டியிருக்கிறது. பதினேழு வருடமாக ஒரு பால் பண்ணையில் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாலு டிகிரியில் உள்ளே வருகிற பச்சைப் பாலும் எழுபத்திரண்டு டிகிரியில் வெளியே போகிற காய்ச்சின பாலும் ஒரு எவர்சில்வர் தகட்டின் இரண்டு பக்கமும் எதிரெதிராக ஓடுகின்றன. தகட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர். ஒரு சொட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகாது. ஆனால் தகட்டைக் கடந்து வரும்போது பச்சைப் பாலுக்குக் காய்ச்சல் கண்டிருக்கும், காய்ச்சின பாலுக்கு ஜுரம் விட்டிருக்கும். ஆகவே சுவர் என்பது இரண்டைப் பிரிக்கிற பொருள் அல்ல, கலக்காமல் சேர்த்து வைக்கிற பொருள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் மணி இரண்டு. ஈரோட்டில், நாங்கள் வாடகைக்கு இருக்கிற ருக்மணியக்கா வீட்டு மாடியில், கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் நடுவே இருக்கிற ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன், சென்னியப்பன், வயது நாற்பத்தொன்று. அந்தப் பக்கம் என் மனைவி கோகிலவாணி. இரண்டு பேர் முன்னாலும், வீட்டிலிருந்தே எழுதச் சொல்லிக் கல்லூரி கொடுத்த அதே கேள்வித்தாள். அதில் ஆறு கணக்கு. முதல் கணக்கு, நம்புங்கள், சுவரைப் பற்றியது.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், வெளியே முப்பத்தெட்டு டிகிரி, உள்ளே முப்பத்தொன்று, சதுர மீட்டருக்கு எத்தனை வாட் உள்ளே வரும். இருபத்தொன்று. எழுதிவிட்டேன். எழுதிய கையோடு அந்தப் பக்கத்திலிருந்து வளையல் சத்தம். இரண்டு குலுக்கு. கோகிலா அழிக்கிறாள். அவள் அழிப்பானைப் பிடித்தால் மணிக்கட்டு மட்டும் ஆடாது, முழங்கையிலிருந்து ஆடும். வலது கையில் மூன்று கண்ணாடி வளையல், ஒன்று விளிம்பு உடைந்தது, அதன் சத்தம் தனி. எதை அழித்தாள்? செங்கல்லின் கடத்துத்திறனையா, ஏழு டிகிரி வித்தியாசத்தையா? நான் ஏன் அழிக்கவில்லை? நான் அழிக்க வேண்டியதை அழிக்காமல் விட்டேனா, அவள் அழிக்கக் கூடாததை அழித்தாளா? கேட்கலாம், இருபது அடி தூரம். கேட்க முடியாது. இன்று காலை பதினொன்றரைக்கு, வெப்பப் பரிமாற்றப் பாடப்புத்தகத்தின் தடித்த அட்டை மேல் இருவரும் வலது கையை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறோம்: மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை, கணக்கைப் பற்றியோ கணக்கில் வருகிற பொருள்களைப் பற்றியோ ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஐந்து மணிக்குத் தாளைப் படம் பிடித்துக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டால் சத்தியம் கலைந்துவிடும். "கணக்கில் வருகிற பொருள்கள்" என்ற பகுதியைச் சேர்த்தவன் நான். சட்டம் என்றால் ஓட்டை இருக்கக் கூடாது என்று சொன்னேன். "செரிங்க வக்கீலு" என்றாள் கோகிலா.

சத்தியத்துக்குக் காரணம் பால். சரியாகச் சொன்னால் தண்ணீர். நாங்கள் இரண்டு பேரும் டிப்ளமோ படித்தவர்கள், மூன்று வருடமாக மாலை வகுப்பில் பொறியியல் பட்டம் படிக்கிறோம். இது கடைசிப் பருவம். போன மாதத் தாளில் ஒரு கணக்கு, குழாயில் தண்ணீர் ஓடுகிறது, அதைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும். வகுப்பில் நாற்பது பேர். முப்பத்தெட்டுப் பேர் தண்ணீரின் அடர்த்தியை ஆயிரம் என்று போட்டிருந்தார்கள். நான் ஆயிரத்து முப்பது என்று போட்டிருந்தேன். அது பாலின் அடர்த்தி. தன்வெப்பமும் பாலுடையதையே போட்டேன். பதினேழு வருடம் குழாயில் பால் ஓடுவதையே பார்த்தவனுக்குக் குழாய் என்றால் பால்தான் ஓடும், கை தானாக எழுதிவிட்டது. இதே காரியத்தை, இதே இரண்டு எண்களை, பண்ணையின் பரிசோதனைக் கூடத்தில் பதினாலு வருடமாகப் பால் பார்க்கிற கோகிலாவும் செய்திருந்தாள். தனியாகத்தான் செய்தாள். கல்லூரி பஸ்ஸில் அவள் முன்பக்கம், நான் பின்பக்கம், அன்றைக்கு என்னோடு பேசக்கூட இல்லை, சண்டை. பாடம் எடுக்கிற சகாயராணி மேடம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்களை நிமிர்ந்து பார்த்தார். அவர் சிரிப்பது அபூர்வம், அன்றைக்கும் சிரிக்கவில்லை. "பால்ல தண்ணி கலக்கிறவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். தண்ணியைப் பாலாக்கின புருஷன் பொண்டாட்டியை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். காப்பி அடிக்கவில்லை மேடம் என்று நான் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். "இன்னொரு தடவை ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு வந்துச்சுன்னா, ரெண்டு பேருக்கும் உள்மதிப்பெண் பூஜ்யம். பரீட்சை எழுத முடியாது." அதன் பிறகுதான் சத்தியம், சுவர், இந்த மதியம்.

எனக்காக நான் பயப்படவில்லை. நான் இந்தப் படிப்பில் சேர்ந்ததே பாடப்புத்தகத்தில் தப்புக் கண்டுபிடிக்கத்தான், இதுவரை பதினாறு கண்டுபிடித்திருக்கிறேன், இரண்டை அச்சகத்துக்கு எழுதியும் போட்டேன். கோகிலாவின் கதை வேறு. பால் வண்டி ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி எடுத்து, கொழுப்புப் பார்த்து, புளிப்புப் பார்த்து, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தாளில் எண்களை எழுதுவது அவள். தாளின் அடியில் "பரிசோதித்தவர்" என்று ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போடுவது பட்டம் வாங்கிய ஒருவர். சாயங்காலம் நாலு மணிக்கு வருவார், நின்றபடியே போடுவார், போய்விடுவார். பதினாலு வருடம். ஒரு தடவை கேட்டேன், கோபம் வராதா என்று. "கோபமென்னங்க. அந்தக் கோடு எத்தனை நீளம்னு எனக்குத் தெரியும். ஆறு சென்டிமீட்டர். கோகிலவாணி சென்னியப்பன்னு எழுதினா பத்தாது. கோகிலவாணின்னு எழுதினாச் செரியா இருக்கும்." அளந்து பார்த்திருக்கிறாள். என் பெயரைக் கழித்துவிட்டதும் ஒரு வகையில் கணக்குத்தான். ஆக, என் கை இன்று சும்மா இருக்காமல் ஏதாவது ஒரு தப்பைச் செய்து, அதே தப்பை அவள் கையும் செய்துவிட்டால், போகப்போவது அந்த ஆறு சென்டிமீட்டர். தப்புச் செய்யலாம், தாராளமாகச் செய்யலாம், தப்புக்கு இரண்டு மதிப்பெண்தான் போகும். ஆனால் தனித்தப்பாகச் செய்ய வேண்டும். எனக்கே எனக்கென்று, சொந்தமாக, பரம்பரையில் யாரும் செய்யாத தப்பு.

இரண்டாம் கணக்கு குழாய் ஓட்டம். தண்ணீர், தண்ணீர், தண்ணீர் என்று மூன்று தடவை ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அடர்த்தி ஆயிரம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு. கேட்கக் கூடாதுதான், காதுக்கு மூடி கிடையாதே. "தண்ணி... தண்ணி..." என்கிறாள். சந்தோஷமாகவும் இருக்கிறது, கவலையாகவும் இருக்கிறது. மருந்துகூட ஒரே மருந்தைத்தான் சாப்பிடுகிறோம். ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று கண்டுபிடிக்க ஒரு எண் இருக்கிறது. வேகத்தை விட்டத்தாலும் அடர்த்தியாலும் பெருக்கிப் பாகுத்தன்மையால் வகுத்தால் வரும். இரண்டாயிரத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி வரிசையாகப் போகும். நாலாயிரத்துக்கு மேலே போனால் அதே கல்யாண வீட்டில் பந்திக்குக் கதவு திறந்த நேரம். எங்களுக்கு வந்தது இருபத்தையாயிரம். எங்களுக்கு என்று எழுதுகிறேன். எனக்கு வந்தது. அவளுக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

அவளை முதலில் குரலாகத்தான் எனக்குத் தெரியும். பரிசோதனைக் கூடத்திலிருந்து இயந்திர அறைக்கு ஒரு கறுப்புப் போன். எடுத்தேன். "ஆப்பரேட்டருங்களா? உங்க பாலு வேகலீங்க" என்றது குரல். புதுசாக வந்தவள் போலிருக்கிறது, சொல்லிக்கொடுப்பது நம் கடமை என்று, "அம்மிணி, பால் வேகாதுங்க. அரிசி வேகும், பருப்பு வேகும், முட்டை வேகும். பால் காயும்" என்றேன். அந்தப் பக்கம் கண்ணாடிக் குழாயைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு, "இலக்கணம் நெம்பச் செரியா இருக்குதுங்க. பாலுதான் செரியில்லை. திருப்பி உடுங்க." போய்ப் பார்த்தேன். வெப்பமானி எழுபத்திரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது, ஆனால் அது பொய் சொல்லிக்கொண்டிருந்தது, உண்மையில் அறுபத்தொன்பது. ஆயிரம் லிட்டரைத் திருப்பி விட்டேன். மறுவாரம் கிழங்கு வேகும், மீன் வேகும் என்று இன்னும் சில உதாரணங்கள் சொல்வதற்காகப் போன் செய்தேன். பதினோராவது மாதம் கல்யாணம். பால் காய்ச்சும் சடங்கில், புதுவீட்டு அடுப்பில் பால் பொங்கி வரும்போது என் காதருகே வந்து, "வெந்துருச்சுங்க" என்றாள். அன்றைக்கு நான் திருத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் திருத்தாமல் விட்ட முதல் வினைச்சொல் அது.

மூன்றாம் கணக்கு வெப்பமாற்றி, எங்கள் பண்ணை இயந்திரம் மாதிரியேதான், ஆனால் எண்ணெய். எண்ணெய், எண்ணெய் என்று எழுதிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. நாலாம் கணக்கு: ஆயிரம் லிட்டர் தொட்டி, அடியில் இரண்டரை சென்டிமீட்டர் ஓட்டை, முழுதும் வடிய எவ்வளவு நேரம். இது எனக்குப் பிடித்த கணக்கு. தொட்டி நிறைந்திருக்கும்போது தண்ணீர் திமிராகப் பீய்ச்சும், மட்டம் இறங்க இறங்கத் திமிரும் இறங்கும், கடைசிச் சாண் தண்ணீர் போவதற்குள் தூக்கம் வந்துவிடும். வகைக்கெழு, தொகையீடு, வர்க்கமூலம். இருபத்தைந்து நிமிடம் என்று வருகிறது. அழகு. ஒரு ஓட்டையும் ஒரு வர்க்கமூலமும் இருந்தால் போதும், எதிர்காலம் இருபத்தைந்து நிமிடத்துக்குத் தெரிந்துவிடுகிறது. சாய்ந்து உட்கார்ந்து அந்தத் தொட்டி வடிவதை மனசுக்குள் பார்த்தேன். தண்ணீர் சத்தம்கூடக் கேட்டது. சலசலவென்று, மேலேயிருந்து, ஜன்னல் ஓரமாக. இவ்வளவு தெளிவான கற்பனை எனக்கு உண்டு என்று இதுவரை தெரியாது என்று நினைத்த நேரத்தில் கீழேயிருந்து ருக்மணியக்கா குரல். "ஏங்கண்ணு சென்னி! தொட்டி ரொம்பி ரோட்டுக்கு ஓடுதே! மோட்டார நிறுத்தறதுக்கு ஆளில்லையா மேலே? ரெண்டு படிச்சவிக இருந்தும் இந்தக் கதி!" ஓடினேன். இரண்டேகாலுக்கு நான்தான் போட்டுவிட்டு வந்தேன். சுவிட்சை அணைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவர் மேல் எட்டிப் பார்த்தால், அக்கா முற்றத்தில் நனைந்த வத்தல் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார். "என்ன பண்ணீட்டிருந்தே?" "தொட்டி காலியாக எத்தனை நேரமாகும்னு பாத்துட்டிருந்தனுங்கக்கா." அக்கா பாயைக் கீழே வைத்தார். "ரொம்பற தொட்டிய உட்டுப்போட்டுக் காலியாகற தொட்டியப் பாக்கறியா? நல்லாருக்குதப்பா படிப்பு" என்றார். திரும்பி வந்தால் படுக்கை அறைக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. விரல் அளவில் கோகிலாவின் ஒரு கண். "உனக்குச் சத்தம் கேக்கலையா?" என்றேன். "கேட்டுச்சுங்க." "சொல்றதுக்கென்ன?" "கணக்குல வர்ற பொருளைப் பத்திப் பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டது ஆருங்க?" கதவு சாத்திக்கொண்டது. உள்ளே வளையல் சத்தம், ஆனால் இது அழிக்கிற சத்தம் இல்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்போது வருகிற சத்தம்.

ஐந்தாம் கணக்கு பம்பு. போட்டாயிற்று. மோட்டார் விஷயத்தில் பட்ட அவமானம் இன்னும் ஈரமாக இருந்ததால் மிகக் கவனமாகப் போட்டேன். மணி மூன்று நாற்பது. ஆறாம் கணக்கு. ஒரு கோப்பைக் காப்பி எண்பது டிகிரியில் இருக்கிறது. அறை முப்பது. ஐந்து நிமிடத்தில் எழுபதுக்கு வருகிறது. அறுபதுக்கு வர மொத்தம் எவ்வளவு நேரம்? ஆறாம் எண்ணில் ஆறுவதைப் பற்றிய கணக்கு. ஆறு என்றால் எண். ஆறு என்றால் ஓடுகிற நதி. ஆறு என்றால் சூடு தணிவது. பழைய நூல்களில் ஆறு என்றால் வழி. நான்கும் ஒரே இரண்டு எழுத்து. திரவம் ஓடுவதற்கு ஒரு பாடம், வெப்பம் தணிவதற்கு ஒரு பாடம் என்று கல்லூரியில் இரண்டு வாத்தியார் போட்டிருக்கிறார்கள், நம் முன்னோர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். முன்னோருக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்கிறவர்களோடு நான் பேசுவதில்லை. அவர்களுக்குச் சொல் தட்டுப்பாடு இருந்திருக்கலாம். சரி, கணக்கு. ஐந்து நிமிடத்துக்குப் பத்து டிகிரி என்றால் இன்னொரு பத்து டிகிரிக்கு இன்னொரு ஐந்து நிமிடம், ஆகப் பத்து நிமிடம் என்று சொல்லத் தோன்றும். தவறு. சூடு குறையக் குறைய ஆறும் வேகமும் குறையும், அதே தொட்டி, அதே திமிர். மடக்கை போட்டால் பதினொன்று புள்ளி நாலு ஐந்து. பதினொரு நிமிடம் இருபத்தேழு விநாடி.

எழுதப் போன பென்சில் நின்றுவிட்டது. இது சரியான விடை. சரியான விடை என்பதாலேயே பயமாக இருக்கிறது. முதல் ஐந்திலும் எனக்குத் தெரியாமல் ஏதோ ஒரு தண்ணீர் பாலாகவோ எண்ணெய் தண்ணீராகவோ மாறியிருந்தால்? அது அவளிடமும் மாறியிருந்தால்? ஒரே வீட்டில் பதின்மூன்று வருடம், ஒரே சாம்பார், ஒரே வெயில். இரண்டு பொருள்களை நெடுநேரம் ஒன்றாக வைத்தால் இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும் என்பது விதி, அதை நான் மீற முடியாது. அப்படியானால் நான் இங்கே ஒரு தப்பைத் தெரிந்தே செய்துவிட்டால் என்ன? இரண்டு தாளும் வேறு வேறு என்பதற்கு அத்தாட்சியாக இருக்கும். மேடம் பார்ப்பார், ஓ, இவன் தப்பு, அவள் சரி, தனித்தனியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்பார். எனக்கு இரண்டு மதிப்பெண் போகட்டும். பத்து நிமிடம் என்று எழுதிவிடலாம். இந்தத் தியாகத்தை நினைத்து ஒரு கணம் எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது, முதுகு நேரானது. பிறகு சுவரைப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு பென்சில் நின்றிருக்கிறது. வளையல் சத்தமே இல்லை. அவளும் ஆறாவதில் இருக்கிறாள். அவளும் இதையே நினைத்தால்? எனக்கு அத்தாட்சி வேண்டும் என்று அவள் ஒரு தப்பைச் செய்தால்? அவள் என்ன தப்பைத் தேர்ந்தெடுப்பாள்? கைக்குப் பக்கத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. பத்து நிமிடம். இரண்டு தாளிலும் பத்து நிமிடம்! இரண்டு தியாகம், ஒரே தப்பு, பூஜ்யம். சரி, நான் வேறு தப்பு, பதினேழு நிமிடம் என்று எழுதுகிறேன் என்றால், பதினேழை ஏன் நினைத்தேன், நான் வேலைக்கு வந்து பதினேழு வருடம், அது அவளுக்குத் தெரியாதா? அவள் பதினாலு என்று எழுதலாம். எழுதாமலும் போகலாம். தப்பு என்கிற காட்டில் எங்கே போனாலும் அவள் காலடி இருக்கும்போல் இருக்கிறது. யோசிக்க யோசிக்க ஒரே ஓர் இடம்தான் பாதுகாப்பானது என்று தெரிந்தது. சரியான விடை. அது பொது இடம், பஸ் நிலையம் மாதிரி. அங்கே இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பதினொரு நிமிடம் இருபத்தேழு விநாடி என்று எழுதினேன். இவ்வளவு சிரமப்பட்டு யாரும் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்க மாட்டார்கள்.

கதவு திறந்தது. கோகிலா, படுக்கை அறையை ஒட்டின சமையலறையிலிருந்து, கையில் டபரா டம்ளர். டம்ளர் டபராவுக்குள் உட்கார்ந்திருக்கிறது, ஆவி வளைந்து அவள் முகத்தில் அடிக்கிறது. மேசையின் ஓரத்தில் வைத்தாள். என் தாளைப் பார்க்கக் கூடாது என்று கண்களை உத்தரத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள், அதனால் டபரா அழிப்பான் மேல் ஏறிச் சாய்ந்தது, நான் பிடித்தேன். வாயைத் திறந்தாள். "கா" என்றாள். நிறுத்திக்கொண்டாள். கணக்கில் வருகிற பொருள். "கறுப்பா, சூடா ஒண்ணு இருக்குதுங்க" என்றாள். "அடடா, என்னவா இருக்கும்?" என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். பால் சேர்த்த காப்பியை யாராவது கறுப்பு என்று சொல்வார்களா? திருத்தியிருக்கலாம். விட்டுவிட்டேன். மேசை டிராயரில் பண்ணையின் பழைய வெப்பமானி ஒன்று இருக்கிறது, பொய் சொன்னதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்ட அதேதான், மூன்று டிகிரி கழித்துக்கொண்டால் நல்ல பிள்ளை. டம்ளரில் விட்டேன். எண்பத்து மூன்று காட்டியது, ஆக எண்பது. தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்? அவள் எதையும் தற்செயலாகச் செய்கிறவள் இல்லை. காத்திருந்தேன். கண் கடிகாரத்தில், மனசு நாக்கில். ஐந்து நிமிடம் ஆகியும் எழுபதுக்கு வரவில்லை, எங்கள் அறை முப்பதும் இல்லை, முப்பத்தாறு. இந்தக் கணக்கை எழுதியவர் ஈரோட்டில் மே மாதம் இருந்ததில்லை. அதைவிட முக்கியம், அவர் காப்பியே குடித்ததில்லை. எண்பது டிகிரிக் காப்பியை மேசை மேல் வைத்துப் பதினொரு நிமிடம் இருபத்தேழு விநாடி சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன் எந்த ஊரில் இருக்கிறான்? கை என்று ஒன்று எதற்கு இருக்கிறது? டபரா எதற்கு இருக்கிறது?

இப்படி நினைத்த அதே கணத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம். சர்ர். டம்ளரிலிருந்து டபராவுக்கு. மெல்லியதாகத் தொடங்கி, நீண்டு, அடியில் கனத்து, நுரையில் அமுங்குகிற சத்தம். கோகிலா ஆற்றுகிறாள். ஒன்று. அவள் தோள் உயரத்துக்குத் தூக்குவாள், ஒரு சொட்டு வெளியே போகாது, பரிசோதனைக் கூடத்துக் கை. சர்ர். இரண்டு. முதல் ஆற்றில் சூட்டைக் குறைப்பது காற்று என்று எல்லோரும் நினைக்கிறார்கள், பெரும்பங்கு குளிர்ந்த டபராவுடையது, காப்பி விழுந்ததும் உலோகம் நாலு டிகிரியைப் பிடுங்கிக்கொள்ளும். பிந்திய ஆற்றுகளில்தான் காற்றும் ஆவியும் வேலை செய்கின்றன. சர்ர். மூன்று. நான் என் டம்ளரை எடுத்தேன். சர்ர். நாலு. அமைதி. பிறகு ஒரு வாய் உறிஞ்சுகிற ஓசை, அதன் பின்னால் வருகிற "ஹா". குடிக்கிற பதம் வந்துவிட்டது. நான் தூக்கி ஆற்றினேன். நானும் நாலு. வெப்பமானியை விட்டேன். கழித்துப் பார்த்தால் அறுபத்தொன்று. குடித்தேன். இந்த மதியத்தில் இதுவரை நடந்ததில் சந்தேகமே இல்லாத காரியம் அந்த வாய் காப்பிதான். பென்சிலை எடுத்தேன். எழுதாதே என்று ஒரு குரல் சொன்னது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. ஆனால் தப்பைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவது எப்படி? இது தப்புக்கூட இல்லை, ஒரு விடுபாடு. ஓரத்தில், சின்ன எழுத்தில், ஆறாம் கணக்கின் கீழே எழுதினேன்: "குறிப்பு: டபராவில் நாலு ஆற்று ஆற்றினால் ஒரு நிமிடம் போதும்." எழுதிய பிறகு உடம்பெல்லாம் லேசாக இருந்தது.

ஐந்து அடித்தது. தாள்களைப் படம் பிடித்து அனுப்பினேன். அந்தப் பக்கமும் போன் "டிங்" என்றது. கதவு முழுதாகத் திறந்தது. மூன்று மணிநேரம் சேர்த்து வைத்திருந்த பேச்சோடு கோகிலா வந்து நிற்கிறாள், எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. "காப்பி, தொட்டி, தண்ணி, பாலு, செங்கல்லு" என்று மூச்சு விடாமல் சொன்னாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒண்ணாவது?" "இருபத்தொண்ணு." "எனக்கும். நாலாவது?" "இருபத்தஞ்சு நிமிஷம்." "எனக்கும்ங்க. ஆறாவது? பத்துன்னு போடலாம்னு பாத்தேன். உங்களுக்காக." "நானும்தான் பாத்தேன்." "அப்புறம்?" "நீ அதையே போட்டிருப்பேன்னு தோணுச்சு." "எனக்கும் அதேதான் தோணுச்சு. பதினொண்ணு இருபத்தேழுன்னு போட்டுட்டேன்." இரண்டு பேரும் பெருமூச்சு விட்டோம். எல்லாம் சரி. எல்லாம் பஸ் நிலையம். அவள் டம்ளரை எடுத்து அடியில் இருந்த நுரையை ஆட்டிப் பார்த்தாள். அப்படி ஆட்டினால் எதையோ சொல்லப் போகிறாள் என்று பொருள். "ஏனுங்க. அதுக்குக் கீழே ஏதாச்சும் எழுதினீங்களா?" நான் அழிப்பானை எடுத்து டிராயரில் வைத்தேன். "சும்மா, ஓரத்துல, பொடி எழுத்துல?" நான் மேசையைப் பார்த்தேன். "எத்தனை ஆத்துன்னு எழுதினீங்க?" என்றாள். "நாலு." கோகிலா டம்ளரை வைத்தாள், முந்தானையை எடுத்து வாயில் வைத்தாள், வளையல்கள் மூன்றும் குலுங்கத் தொடங்கின. "அய்யோ. ஒரு நிமிஷம் போதும்னுமா?" "போதும்னும்தான்." கீழேயிருந்து ருக்மணியக்கா, "இப்ப என்னத்தையம்மா ரொப்பறீங்க, இந்தச் சிரிப்புச் சிரிக்கறீங்க?" என்று கேட்டார்.

புதன்கிழமை தாள்கள் திரும்பி வந்தன. ஆறு கணக்கும் இருவருக்கும் சரி. இரண்டு குறிப்புகளையும் சுற்றிச் சிவப்பு மையில் ஒரே அளவு வட்டம், வட்டத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை தேர்வு அறைப் பட்டியலை ஒட்டினார்கள். இறுதிப் பருவ மாலை வகுப்பு மாணவர்கள் முப்பத்தொன்பது பேருக்கு முதன்மைக் கட்டடம், அறை எண் ஏழு. கோகிலவாணிக்குப் பட்டறைக் கட்டடம், அறை எண் ஒன்று. நடந்து பார்த்தேன். நடுவில் ஐந்து சுவர்களும் ஒரு சைக்கிள் கொட்டகையும் இருக்கின்றன.